கேமராவுக்கு இடப்பக்கம்

"என் பெண்டாட்டி நடிக்கிறா."

வந்தவர் உட்காருவதற்கு முன்பே இதைச் சொல்லிவிட்டார். கும்பிடக்கூட இல்லை.

சாமி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"நல்லா நடிக்கிறாங்களா?"

"இது என்ன கேள்வி?"

"நீங்க நடிகராச்சே. அதான் கேட்டேன்."

வந்தவர் பிரேமநாதன். சினிமாக் கொட்டகை உள்ள எந்த ஊரிலும் அந்தப் பெயரைச் சொல்லிவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டால் மோராகவே கொடுப்பார்கள். பதினேழு வருஷமாக ஒரே ஸ்டூடியோவில் மாதச் சம்பளத்துக்குக் கதாநாயகன்.

சாமியும் அந்த ஸ்டூடியோவில் இருந்தவர்தான். அப்போது உதவி டைரக்டர் கோதண்டம். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் சாப்பாட்டு மணி அடித்ததும் வெளியே போனவர் திரும்பவில்லை. மதுராந்தகம் தாண்டி இந்த ஏரிக்கரை மண்டபத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார். யாருக்கும் எதையும் உபதேசிக்கவில்லை. ஆனாலும் ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள். சும்மா உட்கார்ந்திருக்கிறவனை நம் ஊரில் யார் விட்டுவைக்கிறார்கள்?

பிரேமநாதன் முதலில் சாமியின் தாடியைச் சந்தேகப்பட்டார். காதோரம் பசை தெரிகிறதா என்று குனிந்தே பார்த்தார். இல்லை. சொந்தத் தாடி.

பிறகு மௌனத்தைச் சந்தேகப்பட்டார். அவரே மூன்று படங்களில் முனிவராக வந்தவர். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே எவ்வளவு நேரம் விட்டால் கொட்டகை அடங்கும் என்பது அவருக்கு அத்துப்படி. கோதண்டமும் சரியாக அந்த அளவுதான் விட்டார்.

'இவனும் தொழில்தான் செய்கிறான்' என்று நினைத்துக்கொண்டார்.

ஆனால் அவருக்கு வேறு போக்கிடம் இல்லை. ஸ்டூடியோவில் யாரிடமாவது வாயைத் திறந்தால் வெள்ளிக்கிழமை பத்திரிகையில் வந்துவிடும்.

"அம்மா எங்கே?" என்றார் சாமி.

பிரேமநாதன் மோவாயால் காட்டினார். ஐம்பதடி தள்ளிப் புளியமரத்தை ஒட்டிக் கறுப்புக் கார் நின்றது. பின் சீட்டில் அவர் மனைவி செங்கமலம் உட்கார்ந்திருந்தாள். டிரைவர் அந்தோணி பானெட்டைத் திறந்து, விலகி நின்று, ஆவி அடங்கட்டும் என்று காத்துக்கொண்டிருந்தான்.

"திண்டிவனம் போறோம். அவ அண்ணன் வீட்டுல விட்டுட்டு வந்துடப் போறேன்."

"எத்தனை நாளைக்கு?"

"இனிமே கூப்பிடறதா இல்லே."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"ரெண்டு நாள்னு சொல்லியிருக்கேன்."

"நம்பினாங்களா?"

"நம்பின மாதிரி நடிச்சா."

சாமி அடுத்த இணுக்கை எடுத்தார்.

பிரேமநாதனுக்கு ஆத்திரம் வந்தது. விரலை மடக்கிக்கொண்டு ஆரம்பித்தார்.

"ஒரு வருஷமா பிரிவியூவுக்கு வர்றதில்லே. பதினாறு வருஷம் ஒரு படம் விட்டதில்லே அவ. இப்போ கேட்டா தலைவலிங்கறா. ஒவ்வொரு படத்துக்குமா தலைவலி வரும்?"

"ம்."

"அவ அண்ணன் போட்ட கடுதாசியை அந்தோணி படிக்கிறான், இவ உக்காந்து கேட்டுக்கிட்டிருக்கா. எட்டாவது வரைக்கும் படிச்சவ! நான் உள்ளே நுழைஞ்சதும் ரெண்டு பேரும் சட்டுனு நிறுத்திட்டாங்க. என்னன்னு கேட்டேன். ஒண்ணுமில்லேன்னாங்க. ரெண்டு பேரும் ஒரே குரல்ல."

"ம்."

"மீசை வச்சேன். புதுப் படத்துக்கு. பதினேழு வருஷமா வழவழன்னு இருந்த முகம். ஊரே பேசிச்சு. ஸ்டூடியோ முதலாளி சம்சாரம் போன் பண்ணிக் கேட்டாங்க. இவ ஒரு வார்த்தை கேக்கலே, கோதண்டம். பத்து நாள் ஆச்சு. ஆசை இருக்கிறவ அப்படி இருப்பாளா?"

மற்றதையெல்லாம்விட மீசைதான் அவரை அதிகமாக வருத்தியிருந்தது.

"வேற ஏதாவது இருக்கா?" என்றார் சாமி.

"போன மாசம் ஒரு கல்யாணம். கார்லேருந்து இறங்கறப்போ அந்தோணி கையைப் பிடிச்சா. நான் பக்கத்துல நிக்கறேன். என் கண் முன்னாடி!"

சாமி உருவிய காம்பைத் தூர எறிந்தார்.

"அம்மாவுக்கு நடிக்க வரும்னு எனக்குத் தெரியாது."

"உனக்கா தெரியாது? நீதானே இருந்தே அப்போ!"

பிரேமநாதன் தூணில் சாய்ந்து உட்கார்ந்தார். பழைய கதை வந்தது.

அவருடைய சொந்தப் பெயர் ஆபத்சகாயம். நாடகக் கம்பெனியிலிருந்து ஸ்டூடியோவுக்கு வந்த அன்று முதலாளி அவரை மேலும் கீழும் பார்த்தார். பெயரை மாற்றினார். முன்பல் இரண்டைப் பிடுங்கி வேறு வைத்தார். நெற்றி முடியைச் சிரைத்து ஏற்றினார். கடைசியாக, 'கல்யாணம் ஆகலேன்னு இருக்கட்டும்' என்றார். அது ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டது.

கல்யாணம் அப்போது ஆகி எட்டு மாதம்.

"ஆறு வருஷம், கோதண்டம். வீட்டுக்கு யார் வந்தாலும் அவ எனக்கு அக்கா. பத்திரிகைக்காரன் முன்னாடி என்னை 'தம்பி'ன்னு கூப்பிட்டா. 'தம்பிக்கு ஒரு நல்ல பொண்ணா பாருங்க'ன்னா. ஒரு தடவைகூடத் தடுமாறலே."

"அப்புறம் ஸ்டூடியோவுல மூணாவது ஃப்ளோர்ல கல்யாணம் நடந்துது."

"ஆமா. முதலாளியே தேதி குறிச்சு, செட்டுப் போட்டு, போட்டோகிராபரை நிறுத்தி. எனக்கும் அவளுக்கும் ரெண்டாந்தரம் கல்யாணம். பாத்தியே, எப்படி வெக்கப்பட்டா! நான்தான் முகூர்த்தத்துல சிரிச்சுட்டேன். அவ சிரிக்கலே."

"நீங்க அப்போ என்ன சொன்னீங்க அவங்ககிட்ட?"

"என்ன சொல்வேன்? என்னைவிட நல்லா பண்றேன்னு பாராட்டினேன்." கார்ப் பக்கம் பார்த்தார். "அன்னிக்கே நான் உஷாராகியிருக்கணும்."

புளியமரத்தடியில் அந்தோணி தகர டின்னை எடுத்துக்கொண்டு ஏரிச் சரிவில் இறங்கினான். போகும்போது கார் ஜன்னலில் குனிந்து ஏதோ சொன்னான். செங்கமலம் தலையசைத்தாள்.

"பாத்தியா? பாத்தியா?" என்றார் பிரேமநாதன்.

"பாத்தேன்."

"என்ன சொல்றான் அவன்?"

"தண்ணி கொண்டுவரப் போறேன்னு சொல்லியிருப்பான்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"கையில டின்னு இருக்கே."

பிரேமநாதன் சாமியையே ஒரு மாதிரியாகப் பார்த்தார். இவனும் அவர்களோடு சேர்ந்தவனோ என்று அவருக்கு ஒரு கணம் தோன்றியது. பிறகு நெருங்கி வந்து தணிந்த குரலில் பேசினார்.

"நீ பத்து வருஷம் எனக்கு லுக் கொடுத்தவன். என் முகத்தை உன் அளவு கிட்டத்துல பாத்தவன் உலகத்துலயே கிடையாது. நிஜத்துக்கும் பொய்க்கும் உனக்கு வித்தியாசம் தெரியும். ஒரே ஒரு தடவை வந்து அவ முகத்தைப் பாரு. எதுன்னு சொல்லிடு. அது போதும். நான் தூங்கி மாசக்கணக்காச்சு."

லுக் கொடுப்பது என்றால் என்னவென்று ஸ்டூடியோக்காரர்களுக்குத் தெரியும். கதாநாயகனுக்குக் குளோசப் எடுக்கும்போது எதிரே கதாநாயகி இருக்கமாட்டாள். அவள் மேக்கப் அறையில் காப்பி குடித்துக்கொண்டிருப்பாள். கேமராவுக்கு இடப்பக்கம் ஓர் உதவி டைரக்டர் கையை மூடித் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பான். அந்தக் கைதான் காதலி. அந்தக் கைதான் செத்துக் கிடக்கும் தாய். பிரேமநாதன் பத்து வருஷம் உருகி உருகிக் காதலித்ததெல்லாம் கோதண்டத்தின் கையைத்தான்.

சாமி கீரைத் தட்டைத் தள்ளி வைத்தார். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

"கல்யாணமான புதுசுல அம்மா எப்படி இருப்பாங்க? சொல்லுங்க."

"அதுக்கும் இதுக்கும்..."

"சொல்லுங்கண்ணே."

பிரேமநாதன் தொண்டையைச் செருமினார். "சைதாப்பேட்டையில ஒரு ஓட்டு வீடு. மழை வந்தா..."

சாமி தன் வலது கையை மூடி, காதுக்கு நேராகத் தூக்கினார்.

பிரேமநாதனின் கண் அந்தக் கைக்குப் போனது. போனதை அவர் அறியவில்லை. குரல் ஒரு படி இறங்கிக் கனிந்தது.

"மழை வந்தா வீடு முழுக்க ஒழுகும். வீட்டுக்குள்ளேயே ஒரு குடையை விரிச்சுக்கிட்டு ரெண்டு பேரும் உக்காந்திருப்போம். அவ வசனப் புஸ்தகத்தை முந்தானையில சுத்தி மடியில வச்சுக்குவா. நாம நனைஞ்சா காயும், இது நனைஞ்சா போச்சுன்னுவா..."

ஒரு கண்ணில் மட்டும் நீர் திரண்டு வழிந்தது. கேமரா இருந்தால் அதற்குத் தெரியக்கூடிய பக்கத்துக் கண்.

சாமி கையை மெல்ல நகர்த்தினார். கண்கள் கூடவே நகர்ந்தன.

கையை மடியில் போட்டார்.

பேச்சு பாதி வாக்கியத்தில் நின்றது.

"மேலே சொல்லுங்க. என்னைப் பாத்து."

பிரேமநாதன் முயன்றார். தூணைப் பார்த்தார். கீரையைப் பார்த்தார். சாமியின் தோளைப் பார்த்தார். எதிரே ஒரு முழத்தில் ஒரு மனிதனின் முகம் இருந்தது. அதன் மேல் கண் நிற்கவே மாட்டேன் என்றது. அவருக்கு வியர்த்துவிட்டது. வெட்கமாகவும் இருந்தது.

"இது வித்தை," என்றார் கோபமாக. "தொழில் பழக்கம். எவனை உக்கார வச்சாலும் இப்படித்தான்."

"ஆமா."

"இதை வச்சு என்ன சொல்ல வர்றே?"

"ஒண்ணும் சொல்லலே. அம்மா எதையாவது சொல்ல வந்தாங்களா உங்ககிட்ட?"

இந்த முறை பிரேமநாதன் விட்ட மௌனத்துக்கு அளவு எதுவும் இல்லை.

"வருவா. 'உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்'பா. நாலு தடவையோ அஞ்சு தடவையோ."

"நீங்க?"

"ஷூட்டிங்குக்கு நேரமாச்சும்பேன்."

"நேரமாயிடுச்சா?"

"இல்லே." அவர் தரையைப் பார்த்துச் சொன்னார். "அவ வாயால அதைக் கேட்டா நான் செத்துடுவேன், கோதண்டம். சந்தேகப்பட்டுக்கிட்டு இருக்கலாம். தெரிஞ்சுக்கிட்டு இருக்க முடியாது."

சாமி எழுந்தார். குரல் மாறியது. மூன்றாவது ஃப்ளோரில் பத்து வருஷம் ஒலித்த அதே உதவி டைரக்டர் குரல்.

"செருப்பைக் கழட்டுங்க. சத்தம் போடுது, ஸவுண்டுக்கு ஆகாது."

பதினேழு வருஷப் பழக்கம். பிரேமநாதன் கழற்றிவிட்டார்.

"இந்த ஷாட்டுல வசனம் கிடையாது. கிட்டப் போங்க. ஒரு முழம். அவங்க முகத்தைப் பாருங்க. அவ்வளவுதான்."

"நீ பாக்கலையா?"

"என் சம்சாரமா அவங்க?"

பிரேமநாதன் நடந்தார்.

வெயில் உச்சிக்கு வந்திருந்தது. வெறுங்காலில் மண் சுட்டது. நடக்க நடக்க அவருக்குப் பழைய புத்தி திரும்பியது. சத்தமில்லாமல் போவதும் நல்லதுதான் என்று தோன்றியது. அவள் இப்போது ஏரிப் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பாள். அவன் எப்போது மேலேறி வருவான் என்று பார்த்துக்கொண்டிருப்பாள். தன்னைக் கண்டதும் முகம் மாறும். அந்த ஒரு நொடி போதும். அதைப் பிடித்துவிட்டால் திண்டிவனத்தில் ஒரு பேச்சு இல்லாமல் இறக்கிவிட்டுவிடலாம்.

ஏரிச் சரிவில் அந்தோணியின் தலை தெரியவில்லை. அவன் இன்னும் கீழே தண்ணீரிடம் இருந்தான்.

காலடியில் சருகு நொறுங்கியது. செங்கமலம் திரும்பினாள்.

முகம் மாறவில்லை.

பிரேமநாதன் ஜன்னலில் கையை வைத்துக் குனிந்தார். ஒரு முழம். அவர் கண் வழக்கம்போல அவள் காதோரத்துக்கு வழுக்கியது. இழுத்துக்கொண்டு வந்து முகத்தில் நிறுத்தினார். வலித்தது.

வகிடு வரைக்கும் நரைத்திருந்தது. எப்போது நரைத்தது? பொட்டு கொஞ்சம் விலகி, ஓரமாக இருந்தது. புருவத்துக்கு மேலே எங்கோ இடித்துக்கொண்ட காயம், ஆறி வடுவாகி இருந்தது. அதை அவர் பார்த்ததே இல்லை.

கிளைகளுக்கு நடுவே இறங்கிய வெயில் நேராக அவள் கண்ணில் அடித்தது. அவள் கண்ணைச் சுருக்கவில்லை.

அவர் காத்திருந்தார். அவள் பார்வையைத் திருப்பட்டும் என்று காத்திருந்தார். அவள் திருப்பவில்லை. அவர் முகத்துக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டு, வீட்டு மனிதரிடம் பேசும் சாதாரணக் குரலில் சொன்னாள்:

"தண்ணி கிடைச்சுதா, அந்தோணி? ஐயா வர்றப்போ எந்தப் பக்கத்துலேருந்து வர்றார்னு முன்னாடியே சொல்லிடுப்பா. நான் அந்தப் பக்கம் பாத்து உக்காந்துக்கறேன்."