செங்கமலம் பார்த்த கடல்

ஈரோட்டு மஞ்சள் மண்டி முதலாளி ரத்தினசபாபதி வீட்டில் சமையல் செய்பவள் செங்கமலம். ஐம்பது வயதாகியும் கடல் பார்க்கும் ஆசை மட்டும் அவளுக்கு அடங்கவில்லை. அரிசி களையும்போது குண்டானுக்குள் கையை ஆட்டிவிட்டு, அலை இப்படித்தான் இருக்குமோ என்று பார்த்துக்கொண்டே நிற்பாள்.

முதலாளி குடும்பம் வருஷம் தவறாமல் ஊட்டிக்குப் போகும். இவள் வீட்டுக்குக் காவல்.

ஒருநாள் சம்பந்தி வீட்டார் விருந்துக்கு வந்திருந்தார்கள். ரசம் ஊற்றிக்கொண்டே, கடல் பார்க்க மூன்று நாள் லீவு கேட்டுவிட்டாள்.

முதலாளி மீசையைத் தடவினார். "லீவும் எடுக்காம, கைக்காசும் போடாம போக வழியிருந்தா தாராளமாப் போ!"

பந்தியே சிரித்தது.

"அப்பக் கடலுக்கு வேண்டாமுங்க, கடனுக்குப் போறேன்" என்றாள் செங்கமலம். "போன ஐப்பசியில நீங்க காய்ச்சல்ல பேச்சு மூச்சில்லாமக் கெடந்தப்ப, முதலாளி பொழைச்சாத் திருச்செந்தூர்க் கடல்ல முழுக்குப் போடறேன்னு முருகனுக்கு நேர்ந்துக்கிட்டேனுங்க. உங்க நேர்த்திக்கடன், உங்க வேலை. லீவு எதுக்குங்க? வேண்டாம்னா விட்டுடறேன். முருகன் உங்களையே கேட்டுக்கட்டும்."

முதலாளி கையிலிருந்த அப்பளம் நொறுங்கியது. சம்பந்தியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மறுநாளே செங்கமலம் முதலாளி செலவில் பஸ் ஏறினாள்.

மூன்றாம் நாள், தலைமுடியில் உப்புப் பூத்துத் திரும்பி வந்தாள்.

"கடன் தீர்ந்துதா?" என்று பயத்தோடு கேட்டார் முதலாளி.

அவள் கண் தெற்குப் பக்கமே நின்றது.

"எங்கீங்க முதலாளி... பாக்கப் பாக்கத் தீரலீங்களே."