முதலாளிக்கு வந்த சின்ன சிலிண்டர்

சிலிண்டர் சுமந்தே தோள் தேய்ந்துபோன செலஸ்டினாவுக்கு அன்றைக்கும் ஒரு வம்பு வந்து சேர்ந்தது. தூத்துக்குடியில், காற்று சிலிண்டர் மாட்டிக் கடலடி பார்க்கக் கூட்டிப்போகும் ஸ்கூபா படகொன்றில் அவள் வழிகாட்டி. பெரிய சிலிண்டர்களையெல்லாம் விருந்தாளிகள் மாட்டிக்கொள்ள, முதலாளி தணிகாசலத்துக்குச் சின்னதுதான் மிஞ்சியது.

"இவங்க முன்னால என் மானம் போயிரக் கூடாது. எல்லாரும் ஏறின பிறகுதான் நான் மேல வரணும். இல்லேன்னா நாளையிலேருந்து நீ வேலைக்கு வராண்டாம்" என்றார்.

அவரோ தண்ணீருக்குள் கையையும் காலையும் உதறி, நாலு ஆள் காற்றை ஒற்றை ஆளாய் இழுப்பவர். செலஸ்டினா பெருமூச்சு விட்டாள்.

"சரி மொதலாளி. கீழே பாறைப் பொந்துல ஒரு மீன் இருக்கு. அசையாம, மெதுவா மூச்சு விடுற பெரிய மனுஷங்க முன்னாலதான் வெளிய வரும். காத்திருக்கணும்."

பொந்துக்கு எதிரே முதலாளி சாமி சிலை மாதிரி உட்கார்ந்தார். விருந்தாளிகள் ஆமையைத் துரத்தித் துரத்திக் காற்றுக் குறைந்து, ஒவ்வொருவராய் மேலேறினார்கள். கடைசியாகத்தான் அவளும் அவரும் வந்தார்கள். படகில் எல்லாரும் கைதட்ட, முதலாளி அவள் பக்கம் குனிந்து சீறினார்.

"ஏட்டி, மீன் எங்க? காத்திருந்ததுதான் மிச்சம்."

செலஸ்டினா அவர் சிலிண்டரில் காற்று அளவு காட்டும் முள்ளைப் பார்த்தாள்.

"ஆமா மொதலாளி. காத்து இருந்ததுதான் மிச்சம்."