இடக்கை ஆட்டம்

குருவுக்கு வயது இருபது. சீடனுக்கு இருபத்துமூன்று. கணினி விளையாட்டையே தொழிலாகக் கொண்டவர்கள் நடுவே இது ஒன்றும் புதுமையில்லை. அங்கே இருபத்தைந்திலேயே மூப்பு வந்துவிடும்.

குருவின் பெயர் ஷென் யூ. சீனாவின் செங்டு நகரத்தில் ஓர் அணிக்குக் கேப்டன். ஐந்து பேரும் ஐந்து பேரும் மோதி, எதிரியின் கோட்டையை உடைக்கும் ஆட்டம் அவர்களுடையது. நடுப்பாதையைக் காப்பது ஷென் யூவின் வேலை. அவனுடைய வலது கை மவுஸை நகர்த்தும் அழகைப் பார்க்கவே டிக்கெட் வாங்கி அரங்குக்கு வருகிறவர்கள் இருந்தார்கள்.

சீடன் பாவோலின், அதே நடுப்பாதைக்கு மாற்று ஆட்டக்காரன். ஷென் யூவால் முடியாத நாளில் அவன் ஆட வேண்டும். ஷென் யூவால் முடியாத நாள் என்று ஒன்று வரவே இல்லை.

இரண்டு வருடமாகப் பாவோலின் பின்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். குய்ஜோ மலைப்பக்கத்துச் சிற்றூரில் அவன் அப்பா மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். போட்டி நாளில் கைபேசியைக் கருவிப் பெட்டிமேல் சாய்த்து வைத்துக்கொண்டு, காமிரா பின்வரிசையைக் காட்டும் நொடிக்காகக் காத்திருப்பார். காட்டியதும் பக்கத்தில் நிற்பவரிடம், அதோ என் பையன் என்பார். ஒருமுறை வண்டியைப் பழுதுபார்க்க விட வந்தவர் ஒருவர், தண்ணீர் எடுத்துக் கொடுக்கிற பையனா என்று கேட்டுவிட்டாராம். அப்பா அதைப் போனில் சிரித்துக்கொண்டே சொன்னார். பாவோலினும் சிரித்தான். அன்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

ஷென் யூ அவனை அண்ணா என்றுதான் கூப்பிடுவான். வயதில் மூத்தவனை அப்படிக் கூப்பிட வேண்டும் என்று வளர்க்கப்பட்டவன். பாவோலின் அவனைக் கேப்டன் என்பான். தெரிந்த வித்தை எதையும் ஷென் யூ ஒளித்துவைத்ததில்லை. கேட்டால் சொல்வான், கேட்காவிட்டாலும் சொல்வான். அவன்மேல் கோபப்படப் பாவோலினுக்கு ஒரு சாக்குக்கூடக் கிடைக்கவில்லை.

வசந்தம் தொடங்கிய சமயம். காலையில் உணவுக்கூடத்தில் இவர்கள் இருவர் மட்டும் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். ஷென் யூ கரண்டியை வைத்துவிட்டு, வலது கையை மேசையின் குறுக்கே நீட்டினான்.

"அண்ணா, இது வீங்கியிருக்கிறதா, பாருங்கள்."

பாவோலின் பார்த்தான். கட்டைவிரல் மணிக்கட்டோடு சேரும் இடம் மேடிட்டிருந்தது. தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டிருந்தது. குழந்தைக்கும் தெரியும் வீக்கம்.

"இல்லையே," என்றான். "எப்போதும் போலத்தான் இருக்கிறது."

ஷென் யூ தலையாட்டிவிட்டுக் கையை இழுத்துக்கொண்டான். மீதிக் கஞ்சியைக் குடித்தான்.

வாய் தவறி வந்த சொல் என்று பாவோலின் பிறகு தன்னைச் சமாதானப்படுத்தப் பார்த்தான். முடியவில்லை. இல்லை என்று வாய் சொல்வதற்குள் மனசு போய் அந்த நடுப்பாதை நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்திருந்தது. அது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

வாரத்துக்கு ஒருமுறை அணியின் மருத்துவர் வருவார். எல்லாருக்கும் சௌக்கியம்தானே என்று கேட்பார். சௌக்கியம் என்பான் ஷென் யூ. பாவோலின் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பான். குளியலறையில் ஷென் யூ சுடுநீர்க் குழாயின் கீழே கையைப் பிடித்தபடி நின்றதையும் ஒருநாள் பார்த்தான். வந்த சுவடு தெரியாமல் திரும்பிவிட்டான்.

அரையிறுதிப் போட்டியில் அது நடந்தது. ஆட்டத்தின் நடுவே ஷென் யூவின் கையிலிருந்து மவுஸ் நழுவியது. பிடித்தான். மறுபடி நழுவியது. விரல்கள் மூடவே இல்லை. நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். பயிற்சியாளர் திரும்பிப் பாவோலினைப் பார்த்தார்.

நாற்காலி இன்னும் சூடாக இருந்தது. அந்தச் சூட்டின்மேல் உட்கார்ந்து பாவோலின் ஆடினான். யோசிக்க நேரமில்லாததால் நன்றாகவே ஆடினான். அணி வென்றது. அரங்கம் அவன் பெயரைச் சொல்லிக் கத்தியது. அப்பாவுக்குப் போனில் பேச்சு வரவில்லை. கடை வாசலில் யாரோ பட்டாசு வெடிக்கும் சத்தம் கேட்டது.

மறுநாள் மேலாளர் எல்லாரையும் உட்காரவைத்து மருத்துவர் சொன்னதைச் சொன்னார். தசைநாண் கிழிந்துவிட்டதாம். ஒரு மாதம் முன்னால் வந்திருந்தால் ஓய்வு கொடுத்தே சரிசெய்திருக்கலாமாம். இனிமேல் அந்தக் கையால் சாப்பிடலாம், எழுதலாம். பழைய வேகம் வராது.

பாவோலின் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. தலைவனுக்காக வருந்துகிறான் என்று நினைத்து, பக்கத்தில் இருந்தவன் அவன் முதுகைத் தடவிக்கொடுத்தான். அந்தக் கை படப்படப் பாவோலினுக்கு உடம்பு கூசியது.

இறுதிப்போட்டிக்கு மூன்று வாரம் இருந்தது. வெளியிலிருந்து ஆள் எடுக்கலாமா என்று நிர்வாகம் யோசித்தது. கையில் கட்டோடு வந்த ஷென் யூ, வேண்டாம், பாவோலின் அண்ணா இருக்கிறார், நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறேன் என்றான்.

அப்படித்தான் உட்கார்ந்தான். காலையில் பயிற்சிக்கூடம் திறந்ததிலிருந்து விளக்கணைக்கும்வரை பாவோலினின் தோளருகே அவன் குரல் இருந்தது. எங்கே பதுங்குவது, எப்போது பாய்வது, எதிரி பொய்யாகப் பின்வாங்குவதை எப்படி அறிவது, எல்லாம் சொன்னான். அலுத்துக்கொள்ளவே இல்லை.

பாவோலின் நாளுக்கு நாள் மோசமாக ஆடினான். முன்னேற வேண்டிய இடத்தில் கை உறைந்துபோனது. ஒரு கணம்தான். அந்த ஆட்டத்தில் ஒரு கணம் போதும். பயிற்சியாளர் முதலில் விளக்கினார், பிறகு அதட்டினார், பிறகு பேசுவதையே நிறுத்திவிட்டார்.

ஒரு பிற்பகல், மற்றவர்கள் ஓய்வுக்கு நாற்காலியைப் பின்னுக்குச் சாய்த்திருந்தபோது, பாவோலின் மெல்லக் கேட்டான்.

"கேப்டன், இந்த நாற்காலியில் உட்காரவே கூசுகிறது. கூசுகிறவன் எப்படி ஆடுவது?"

ஏன் கூசுகிறது என்று ஷென் யூ கேட்கவில்லை.

"எழுந்திருங்கள்," என்றான்.

பாவோலின் எழுந்தான். ஷென் யூ உட்கார்ந்தான். கட்டுப்போட்ட வலது கையை மடியில் வைத்தான். மவுஸை மேசையின் இடப்பக்கம் நகர்த்தினான். யார் வேண்டுமானாலும் வந்து ஆடும் பொது ஆட்டத்துக்குள் நுழைந்தான். வேறு பெயரில் போயிருக்கலாம். நாடே அறிந்த தன் பெயரிலேயே போனான்.

இடக்கை சொன்னபேச்சுக் கேட்கவில்லை. ஓட வேண்டிய இடத்தில் நின்றது, அடிக்க வேண்டிய இடத்தில் காற்றை அடித்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்து ஆடுகிறவர்களிடம்கூட ஷென் யூ தோற்றான். முகம் தெரியாதவர்கள் திரையின் ஓரத்தில் எழுதத் தொடங்கினார்கள். இந்தப் பெயரை யாராவது திருடிவிட்டார்களா என்று ஒருவன் கேட்டான். கை போனவனுக்கு இங்கே என்ன வேலை, வீட்டுக்குப் போ என்று இன்னொருவன் எழுதினான்.

ஷென் யூ எல்லாவற்றையும் படித்தான். அடுத்த ஆட்டத்தைத் தொடங்கினான்.

கூடத்தில் இருந்தவர்கள் பார்க்காததுபோல இருந்தார்கள். ஷென் யூவின் காது இரண்டும் சிவந்திருந்தன. கழுத்தில் வியர்வை. மறுபடி தோற்றான். மறுபடி தொடங்கினான்.

"போதும், கேப்டன்," என்றான் பாவோலின்.

"ஏன்? ஆடுவது நான்தானே."

"என்னால் பார்க்க முடியவில்லை."

"எனக்கும் கூசத்தான் செய்கிறது." திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான். "கை ஆடிக்கொண்டுதான் இருக்கிறது, பாருங்கள்."

பாவோலின் பார்த்தான். தப்புத்தப்பாக, நடுங்கிக்கொண்டு, நிற்காமல் ஆடிக்கொண்டிருந்த அந்தக் கையைப் பார்த்தான். அதற்குமேல் அவனால் அடக்க முடியவில்லை.

"அன்றைக்கு வீங்கியிருந்தது," என்றான்.

இடக்கை நின்றது. திரையில் ஷென் யூவின் வீரன் அடிபட்டு விழுந்தான்.

"தெரியும்," என்றான் ஷென் யூ.

"எப்போது தெரியும்?"

"கேட்கும்போதே. என் கை, அண்ணா. வலித்தது எனக்கல்லவா."

"பிறகு ஏன் என்னிடம் கேட்டீர்கள்?"

இத்தனை வசவையும் நிமிர்ந்து உட்கார்ந்து படித்தவன், இப்போது தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

"மருத்துவரிடம் காட்டியிருந்தால் ஆமாம் என்றிருப்பார். பயிற்சியாளரும் அதைத்தான் சொல்லியிருப்பார். சமையல்கார அக்காகூட ஆமாம் என்றிருப்பார். ஆட்டத்தை விட்டு ஒரு மாதம் உட்கார எனக்கு மனசில்லை. இல்லை என்று யாராவது சொல்ல வேண்டியிருந்தது. இந்தக் கட்டிடத்தில் அப்படிச் சொல்லக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான்."

பாரம் குறையும் என்று நினைத்துத்தான் பாவோலின் வாயைத் திறந்திருந்தான். அது இரட்டித்தது. தன் பொறாமை தனக்குள் பூட்டிக் கிடப்பதாக இத்தனை நாள் நம்பியிருந்தான். கதவு திறந்தே கிடந்திருக்கிறது. போகிற வருகிற நேரத்திலெல்லாம் ஷென் யூ அதைப் பார்த்திருக்கிறான். பார்த்துக்கொண்டே அண்ணா என்று கூப்பிட்டிருக்கிறான். வித்தை சொல்லிக்கொடுத்திருக்கிறான். வேண்டிய நேரத்தில் அதை எடுத்துப் பயன்படுத்தியும் இருக்கிறான்.

எல்லாரிடமும் சொல்லிவிட்டு அணியைவிட்டுப் போய்விடுகிறேன் என்றான் பாவோலின்.

"சொல்வது உங்கள் விருப்பம்," என்றான் ஷென் யூ. "போய்விட்டால் நடுப்பாதைக்கு ஆள் இல்லை."

எழுந்து, மவுஸை மறுபடி வலப்பக்கம் வைத்துவிட்டு, பழையபடி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

மறுநாள் காலை உணவின்போது பாவோலின் எழுந்து நின்று சொன்னான். தன் பங்கை ஷென் யூவும் சொன்னான். யாரும் சாப்பிடவில்லை. பயிற்சியாளர் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, வழக்கமான நேரத்துக்குப் பயிற்சி என்று மட்டும் சொல்லி எழுந்து போனார். மேலாளர் பேசிய அன்று அவன் முதுகைத் தடவிக்கொடுத்த ஜுவோ என்பவன், அதன்பிறகு ஆட்டத்துக்கு வெளியே அவனோடு பேசவே இல்லை. ஆட்டத்துக்குள் மட்டும், வா, போ, நில் என்பான். அது நியாயம்தான் என்று பாவோலினுக்குப் பட்டது.

அப்பாவிடமும் சொன்னான். மறுமுனையில் உறுமிக்கொண்டிருந்த மோட்டார் சைக்கிளை அப்பா அணைத்தார். பிறகு, அந்தப் பையனுக்கு வலி இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டார். வேறொன்றும் கேட்கவில்லை.

இறுதிப்போட்டியில் அவர்கள் தோற்றார்கள். கடைசி ஆட்டம்வரை இழுத்துக்கொண்டு போய்த் தோற்றார்கள். பாவோலினின் கை உறையவில்லை. கூச்சம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. அதுவும் அவனோடு அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தது. கை அதன் பாட்டுக்கு ஆடியது. நடுப்பாதையால் தோற்றோம் என்று அன்றிரவு யாரும் சொல்லவில்லை.

கோடை தொடங்கும் முன் ஷென் யூவின் ஒப்பந்தம் முடிந்தது. கிழக்கே கடற்கரையோரம் அவன் ஊர். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாவோலின் ரயில் நிலையம்வரை உடன் போனான். வழியில், அடுத்த பருவத்தில் எதிரணிகள் நடுப்பாதையை எப்படித் தாக்கக்கூடும் என்று ஷென் யூ கொஞ்சம் சொன்னான். பாவோலின் கேட்டுக்கொண்டான்.

நடைமேடையில் நின்றபோது, இனிமேல் கேட்க வாய்ப்பு வராது என்று பாவோலினுக்குத் தோன்றியது.

"கேப்டன், என்னை மன்னித்துவிட்டீர்களா?"

ஷென் யூ தண்டவாளத்தைப் பார்த்தபடி யோசித்தான்.

"இல்லை," என்றான். "உங்களையும் இல்லை. என்னையும் இல்லை."

பாவோலினுக்கு முகம் சுட்டது. ஆனாலும் கேட்டான்.

"பிறகு எப்படி அத்தனை நாளும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தீர்கள்?"

வண்டி வந்து நின்றது. ஷென் யூ பெட்டியை வாங்கிக்கொண்டு படியில் கால்வைத்தான்.

"மன்னித்த பிறகுதான் தொடங்குவது என்று இருந்திருந்தால், இறுதிப்போட்டி முடிந்துபோயிருக்கும், அண்ணா."