கொண்டலாத்தி மண்ணைக் குத்திய கதை

அந்தக் காலத்தில், பறவைகளும் மனிதர்களும் ஒரே பேச்சுப் பேசிய நாளில், ஒரு பேராற்றின் கரையில் செங்கல் நகரம் ஒன்று இருந்தது. நேரான தெருக்கள், மூடிய சாக்கடைகள், வீட்டுக்கு வீடு கிணறு. அது பாழாகிப் பல தலைமுறை கழிந்த பிறகு, அந்த நகரத்தாரின் வம்சத்தில் வந்தவர்கள் அதே மேட்டில் மறுபடியும் ஊர் கட்ட வந்தார்கள். செம்பி என்பவள் அவர்களுக்குத் தலைவி.

பழைய நகரம் ஏன் அழிந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. தெய்வக் குற்றம் என்றது காகம். கொள்ளைநோய் என்றது உடும்பு. செம்பியின் தம்பி அத்தனோ, ஆற்றுக்கு அக்கரைக் குன்றில் வாழ்பவர்கள்தான் கொளுத்திவிட்டார்கள் என்று அடித்துச் சொன்னான். மேட்டில் அங்கங்கே சாம்பல் தெரிந்தது. அவனுக்கு அது போதும். பழி தீர்க்க இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு வேலும் கையுமாகக் கிளம்பிவிட்டான்.

கொண்டலாத்தி அப்போது மொட்டைத் தலையும் நேரான அலகுமாகப் புழு தேடித் திரிந்த பறவை. அது அத்தன் முன்னால் வந்து இறங்கியது.

"கொஞ்சம் பொறு. தோண்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்."

அத்தன் சிரித்தான். ஆனால் செம்பி, பறவை முடிக்கும்வரை ஒருவரும் ஆற்றைக் கடக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள்.

கொண்டலாத்தி குத்தியது, கிளறியது. மேலே வண்டல், அதில் மீன்முள். அதற்குக் கீழே கனத்த சாம்பல். அத்தன் சொன்னதுதான் சரியோ என்று அதற்கே பயம் வந்தது. இருந்தாலும் விடாமல் வீடுகளின் தரைவரை போனது. கடினமான தரையில் முட்டி முட்டி அலகு வளைந்தேபோனது. அதன்பிறகுதான் மேலே வந்தது.

"எந்த வீட்டுத் தரையும் கருகவில்லை. இதெல்லாம் சூளைச் சாம்பல். செங்கல் சுட உங்கள் முன்னோர் கரை மரங்களை ஒன்று விடாமல் வெட்டியிருக்கிறார்கள். பிடிக்க வேர் இல்லாத கரையை ஆறு கரைத்துவிட்டது. ஊருக்குள் வந்தது தண்ணீர்தான், தம்பி. குன்றத்தார் இல்லை."

அத்தன் குழிக்குள் இறங்கி, வண்டலை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தான். பிறகு வேலை அங்கேயே ஊன்றிவிட்டு, வெறுங்கையோடு குன்றுக்குப் போனான். திரும்பி வந்தபோது அவனோடு குன்றத்தாரும் வந்தார்கள், தலைச்சுமையாக மருதங்கன்றுகளோடு. கரை நெடுகக் கன்று நட்ட பிறகே முதல் சூளைக்குத் தீ மூட்டினார்கள்.

செம்பிக்கு மனம் நிறைந்துவிட்டது. தன் கூந்தலில் இருந்த தந்தச் சீப்பை எடுத்துப் பறவையின் மொட்டைத் தலையில் செருகிவிட்டாள்.

அந்த நாள் தொட்டுத்தான் கொண்டலாத்தி எங்கே இறங்கினாலும் தலைச் சீப்பை ஒருமுறை விரித்துக் காட்டுகிறது; யார் என்ன சொன்னாலும், வளைந்த அலகால் மண்ணைக் குத்திப் பார்த்த பிறகே நம்புகிறது.