ஜெசிந்தாவுக்கு ஒரு லேப்டாப்

திண்டுக்கல்லில் லேப்டாப் பழுது பார்க்கும் பரிமளாவுக்கு வயது முப்பத்தொன்று. அவளிடம் தொழில் கற்றுக்கொள்ள வந்த சவரிமுத்துவுக்கு ஐம்பது. டிவி ரிப்பேர் பார்த்த கை. தன்னைவிடச் சின்னவளிடம் சிஷ்யனாக உட்காருவதில் அவருக்குக் கூச்சமில்லை.

அன்று காலையிலிருந்து அவருக்கு வேலை ஓடவில்லை. ஒரே ஸ்க்ரூவை மூன்று தடவை தொலைத்துவிட்டார். மகள் ஜெசிந்தா திங்கட்கிழமை கோயம்புத்தூரில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் சேரப் போகிறாள். அதற்குள் லேப்டாப் வாங்கியாக வேண்டும்.

சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். பிரித்துப் பிரித்து மடித்து நைந்து போயிருந்தது. அடுத்த வீட்டு ஐடி பையன் சொன்னது, கடைக்காரர் சொன்னது, சர்ச் பங்குச் சாமியார் சொன்னது எல்லாம் அதில் இருந்தன. சாமியாரையும் விட்டுவைக்கவில்லை மனுஷன்.

"மேடம், நாலு வருஷத்துக்குக் கெட்டுப்போகாத லேப்டாப் எது?"

"காலேஜ்ல என்ன கேட்டிருக்காங்க?"

"டிராயிங் சாஃப்ட்வேர் ஓடணுமாம். இதுல இருக்கற மூணுலயும் ஓடும். விசாரிச்சுட்டேன்."

"அப்புறம் என்னண்ணே?"

"முதல்ல இருக்கறதுதான் ஒசத்தி. என் சக்திக்கு மீறினது. ஆனா ஒரு தடவைதானே வாங்கப் போறேன். தப்பா வாங்கிட்டா அவ படிப்பே போயிடுமேன்னு பயமா இருக்கு மேடம்."

"ஜெசிந்தா என்ன சொல்லுது?"

"அதுதான் புரியல. லேப்டாப்பே வேண்டாம்ப்பா, காலேஜ் லேப்ல இருக்கறது போதும்ங்குது. நானும் தினம் புத்தி சொல்றேன். கண்ணு மாதிரி பாத்துக்கணும், ஒரு கீறல் விழுந்தாலும் அப்பாவால தாங்க முடியாதுன்னு."

பரிமளா எழுந்தாள். அலமாரியிலிருந்து ஒரு லேப்டாப்பை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"இதுக்கு என்னன்னு பாருங்க."

அவர் வெல்வெட் துணியைப் பிரித்தார். உள்ளே பிளாஸ்டிக் உறை. கடையில் ஒட்டிக் கொடுத்த மெல்லிய தாள்கூட இன்னும் உரிக்கப்படவில்லை. ஒரு மூலை மட்டும் லேசாக நசுங்கியிருந்தது. அடிப்பக்கத்தைக் கழற்றினார்.

"பேட்டரி உப்பியிருக்கு. ரொம்ப நாள் சார்ஜ் போடாமக் கிடந்திருக்கு. மத்ததெல்லாம் புதுசு. கடையிலேயே கிடந்ததா மேடம்?"

"மூணாவது வருஷம் படிக்கற பொண்ணோடது. நேத்து அதுவேதான் கொண்டுவந்துச்சு."

"ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சா? கை பட்ட மாதிரியே தெரியலையே."

"முதல் மாசமே கீழே போட்டுடுச்சாம். அப்பா ரெண்டு நாள் பேசலை. அப்புறம் பெட்டியில வெச்சுப் பூட்டிடுச்சு."

"டிராயிங்கெல்லாம்?"

"ஹாஸ்டல் ரூம்ல இன்னொரு பொண்ணு எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி, அதோட லேப்டாப்ல போடுமாம். ரெண்டு பேப்பர் அரியர்."

"அப்பாகிட்ட சொல்லலாமில்ல?"

"அவரு போன் பண்ணினா லேப்டாப் நல்லாயிருக்கான்னுதான் முதல்ல கேப்பாராம். நல்லாயிருக்குன்னு இது சொல்லுமாம்."

சவரிமுத்து பேனாவைத் திறந்தார். "இது எந்தக் கம்பெனி மேடம்? லிஸ்ட்ல இருந்தா அடிச்சிடறேன்."

பரிமளா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேனா தாளுக்கு மேலேயே நின்றது. எழுதாமலே அவர் பேனாவை மூடினார்.

"என் பொண்ணு வேண்டாம்னது இதுக்குத்தானா மேடம்?"

அவள் உப்பிய பேட்டரியைத் தனியே எடுத்து வைத்தாள்.

"அப்ப நான் எதைத்தான் வாங்கட்டும்?"

"'அப்பா, கீழே போட்டு உடைச்சிட்டேன்'னு ஜெசிந்தா போன் பண்ணினா, 'உனக்கு அடிபட்டுச்சாம்மா'ன்னு எந்த லேப்டாப்புக்கு முதல்ல கேப்பீங்களோ, அதை வாங்குங்கண்ணே."