பெனிட்டா உதைத்த மேசை

முதலில் ஒரு பெரும்பிழையைத் திருத்தியாக வேண்டும். ஹிப்-ஹாப் டிஜே இசைத்தட்டைக் கீறுகிறார் என்று படித்தவர்கள்கூட நம்புகிறார்கள். கீறுவதில்லை. ஊசி தட்டின் வரிப்பள்ளத்திலேயே இருக்கிறது; கைதான் தட்டை முன்னும் பின்னும் தள்ளுகிறது. அந்தக் கிரீச் ஒலி அப்படி வருவது.

ஊசி பள்ளத்தை விட்டுத் தாவினால் அது வேறு விஷயம்.

எத்திராஜ் வந்தது அந்த வேறு விஷயத்துக்காக.

அவருக்கு வயது நாற்பத்து நான்கு. பெரம்பூர்க் கல்யாண வரவேற்புகளில் பாட்டுப் போடுகிறவர். ராயபுரத்து மாடி அறையில் அவர் தேடி வந்த பெனிட்டாவுக்கு இருபத்து நான்கு. டிஜே போட்டியில் இரண்டு முறை கோப்பை வாங்கியவள். அவர் அவளை மாஸ்டர் என்றார். அவள் மறுக்கவில்லை.

"மூணு வருஷமா ஃபைனல்ஸ்ல தோக்குறேன், மாஸ்டர். ஆறு நிமிஷம் வாசிக்கணும். நடுவுல எங்கயாவது ஊசி தாவிடுது. அதோட கை நின்னுடுது."

இந்த வருடமும் தோற்றால் தட்டுச் சுழற்றும் டர்ன்டேபிள் இரண்டையும் விற்றுவிடுவதாக வீட்டில் வாக்குக் கொடுத்திருந்தார். அந்த இடத்துக்கு மனைவி ஒரு ஃப்ரிட்ஜ் பார்த்து வைத்திருந்தாள்.

பெனிட்டா அவர் கையோடு கொண்டு வந்திருந்த ஊசியைப் பார்த்தாள். தாவாமல் அழுத்திப் பிடிக்க, அதன் தலையில் பத்து ரூபாய் நாணயம் ஒன்றை டேப் போட்டு ஒட்டியிருந்தார்.

அதைப் பிய்த்து அவர் கையில் கொடுத்து, கீழே போய் டீ வாங்கி வரச் சொன்னாள்.

பத்து ரூபாய்க்கு ஒரு டீதான் வந்தது. அவள் குடித்தாள்.

"இப்ப வாசிங்கண்ணா."

வாசித்தார். இரண்டாவது நிமிடத்தில் அவள் மேசையை உதைத்தாள். ஊசி தாவியது. அவர் கை நின்றது.

"தாவிப் போய் விழுந்த எடத்துல என்ன இருந்துச்சு?"

"கவனிக்கல, மாஸ்டர்."

"முதல்லேர்ந்து வாசிங்க."

மறுபடி உதைத்தாள்.

எத்திராஜ் தினமும் வந்தார். மழையில் வந்தார், காய்ச்சலோடு வந்தார். மேசைக் கால்களுக்கு அடியில் ஸ்பாஞ்சு வைத்துப் பார்த்தார். அவள் இன்னும் பலமாக உதைத்தாள். எப்போது உதைப்பாள் என்பது அவளுக்கே தெரியாது என்று தோன்றியது.

நான்காவது மாதம் அவர் பொறுமை இழந்தார்.

"தாவாம இருக்க வழி கேட்டுத்தான் வந்தேன், மாஸ்டர்."

"ஆமா, கேட்டீங்க," என்றாள். உதைத்தாள்.

அன்று ஊசி ஒரு தபேலா அடியின் நடுவில் போய் விழுந்தது. கோபத்தில் அவர் கை நிற்க மறந்துவிட்டது. அந்த அரை அடியையே பிடித்து இழுத்து, தள்ளி, இழுத்துக்கொண்டிருந்தார்.

பெனிட்டா கீழே போய் இரண்டு டீ வாங்கி வந்தாள்.

இறுதிப் போட்டிக்கு அந்த வருடம் சிமெண்ட் மேடை போட்டிருந்தார்கள். எத்தனை பேர் குதித்தாலும் அது அசையாது. எதிராளி ஆறு நிமிடமும் பிழையில்லாமல் வாசித்துவிட்டு இறங்கினான்.

எத்திராஜ் ஏறினார். நான்கு நிமிடம் ஆனது. ஊசி தாவவில்லை. பழகியது பழகியபடியே வந்தது. நடுவர்களில் ஒருவர் தண்ணீர் குடித்தார். இன்னொருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

எத்திராஜ் கூட்டத்தில் பெனிட்டாவைத் தேடினார். அவள் ஃபோனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் மேசையை உதைத்தார்.

ஊசி பறந்து, தட்டில் ஒரு பாடகி பாடத் தொடங்கும் முன் மூச்சை இழுக்கும் இடத்தில் விழுந்தது. அங்கே வேறு எதுவும் இல்லை. மிச்சமிருந்த இரண்டு நிமிடமும் அந்த ஒரு மூச்சை வைத்தே வாசித்தார். தண்ணீர் குடித்தவர் பாட்டிலை மூட மறந்தார்.

கோப்பையை அவரிடம்தான் கொடுத்தார்கள்.

அடுத்த வருடப் போட்டி விதிகளில் பதினேழாவதாக ஒன்று சேர்ந்தது: போட்டியாளர் மேசையைக் காலால் தொடக் கூடாது.