சேற்றுக்குழிக்குக் கிடைத்த ஆரவாரம்

ஒரு காட்டுக் குளத்தங்கரையில் சிலுப்பன் என்றொரு முள்ளம்பன்றி வளை தோண்டி வாழ்ந்தது. அதன் முள்ளுக்குப் பயந்து முயல் பக்கத்தில் வராது. கீரி எட்ட நின்றே பேசும். காட்டுப்பன்றிகள் மட்டும்தான் தோல் தடித்தவை. அவை சிலுப்பனை ஒட்டிப் படுத்துத் தூங்கும். இரண்டு முள் குத்தினால் ஓர் உறுமல், ஒரு புரளல், அவ்வளவுதான். தன் பெயரிலும் பன்றி இருக்கிறதே என்று சிலுப்பனுக்குப் பெருமை வேறு! அந்தக் கூட்டத்தை விட்டால் அதற்கு வேறு உறவு கிடையாது.

கோடையில் அந்தக் குளம் வற்றிவிடும். மிஞ்சும் தண்ணீர் ஒரு கூட்டத்துக்குத்தான் காணும். பன்றிகளும் புள்ளிமான்களும் அதற்காக அடித்துக்கொண்டு சாகக்கூடாது என்று முன்னோர்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். கோடை பிறக்கும் முன் இரு கூட்டமும் பனங்காய் ஆட்டம் ஆட வேண்டும். ஜெயித்த கூட்டம் குளத்தோடு இருக்கலாம். தோற்ற கூட்டம் மலையேறி அந்தப் பக்கத்து ஆற்றுக்குப் போய்விட வேண்டும். மழை வந்தால்தான் திரும்பலாம்.

ஆட்டம் எளிது. பனங்காயை மூக்கால் உருட்டிக்கொண்டு எதிரியின் எல்லைக்கோட்டைத் தாண்ட வேண்டும். சூரியன் இறங்குவதற்குள் அதிக முறை தாண்டிய கூட்டம் ஜெயிக்கும். உருட்டுகிறவனை முட்டிச் சாய்க்கலாம். ஆனால் சாய்த்ததும் விலகிப் பின்னால் போய்விட வேண்டும். விழுந்தவன் எழுந்து பனங்காயைத் தொடும்வரை கிட்டே வரக்கூடாது. வந்தால் தப்பாட்டம். தப்பாட்டம் ஆடியவன், நடுவர் திரும்பக் கூப்பிடும்வரை கரையோரச் சேற்றுக்குழியில் உட்கார வேண்டும்.

நடுவர், ஆள்காட்டிக் குருவி. கண்ணில் பட்டதைக் கத்தாமல் இருக்க அதனால் முடியவே முடியாது. அதனால்தான் அந்த வேலை அதற்குக் கிடைத்தது.

சேற்றுக்குழியில்தான் வம்பு. மான்களுக்குச் சேறு என்றால் அருவருப்பு. ஒரு முறை உட்கார்ந்த மான் மறுமுறை அடக்கமாக ஆடும். பன்றிகளுக்கோ, ஓடிக் களைத்த உடம்புக்குச் சேற்றைவிடச் சுகம் உண்டா? அந்தத் தண்டனையை யோசித்த முன்னோர் மான்களாகத்தான் இருந்திருக்க வேண்டும்!

பனிக்காலம் முழுக்கப் பழகு ஆட்டங்கள் நடந்தன. சிலுப்பன் ஒன்றையும் விடவில்லை. கரைப்பாறையில் ஏறி நின்றுகொள்ளும். பன்றிகள் கோட்டைத் தாண்டினால் வால் முட்களைக் கலகலவென்று ஆட்டும். ஆள்காட்டி ஒரு பன்றியைக் குழிக்கு அனுப்பினால் போதும், உடம்பில் உள்ள அத்தனை முள்ளையும் சிலிர்த்துக்கொண்டு காடே அதிர ஆட்டும்!

"அநியாயம்! அநியாயம்! மான் விழுந்தா மட்டும் உன் கண்ணுக்குத் தெரியுதா?" என்று ஆள்காட்டியை ஏசும். குழியில் இருக்கும் பன்றியைப் பார்த்து, "நீதான்டா வீரன்! சிங்கம் மாதிரி போய் உட்காரு!" என்று கூவும்.

அந்தக் கூவலை அதிகம் வாங்கியது கட்டையன். கூட்டத்தின் தலைவி செம்பட்டையின் மகன். அவனைப்போல் முட்டிச் சாய்க்க இன்னொருவன் இல்லை. ஆனால் சாய்த்த பிறகு விலகத்தான் மாட்டான். விழுந்த மானின் மேலேயே சாவகாசமாகப் படுத்துக்கொள்வான்.

"அவனைக் கெடுக்காதே, தம்பி" என்று செம்பட்டை ஒருநாள் சிலுப்பனிடம் சொன்னது. "சேத்துல உட்கார்ந்தவனுக்கு எதுக்கு இவ்வளவு ஆரவாரம்?"

"என்னக்கா இப்படிச் சொல்றீங்க! நம்ம பிள்ளைய நாமளே விட்டுக்கொடுக்கலாமா? அந்தக் குருவி மான்களோட ஆளு!"

செம்பட்டை பெருமூச்சு விட்டுவிட்டுப் போயிற்று.

முடிவாட்டத்தன்று காடே குளக்கரையில் கூடியது. மலையேற்றம் செங்குத்து. அந்த வருடம் பன்றிக் கூட்டத்தில் பிறந்து சில நாளே ஆன குட்டிகள் இருந்தன. தோற்றால் அவை என்னவாகும் என்று எல்லாருக்கும் தெரியும். குட்டைக்கால் சிலுப்பனாலும் அந்த மலையை ஏற முடியாது. அதுவும் எல்லாருக்கும் தெரியும்.

ஆட்டம் மும்முரமாக நடந்தது. பன்றிகள் ஒருமுறை கோட்டைத் தாண்டின. மான்களும் ஒருமுறை தாண்டின. பிறகு பன்றிகள் இன்னொரு முறை பனங்காயைக் கோட்டுக்கு அப்பால் தள்ளின. சிலுப்பன் பாறைமேல் இருந்து தெளிவாகப் பார்த்தது. ஆனால் ஒரே புழுதி. ஆள்காட்டி சிறகடித்து வந்து, "தாண்டலை! தாண்டலை!" என்று கத்திவிட்டது.

"அடப்பாவி! தாண்டிடுச்சு! நான் பார்த்தேன்!" சிலுப்பன் துள்ளியது.

ஆள்காட்டி கீழே இறங்கிப் பனங்காய் உருண்ட தடத்தைப் பார்த்தது. அதன் முகம் வாடிவிட்டது. "தாண்டியிருக்கு. புழுதியில எனக்குத் தெரியலை. தப்பு என்மேலதான். ஆனா கத்தினதை மாத்த வழக்கம் இல்லையே. மன்னிச்சிடுங்க" என்றது.

"பார்த்தீங்களா! அவனே ஒத்துக்கிட்டான்!" என்று அலறியது சிலுப்பன். "இனிமே விதியாவது மண்ணாவது! விடாதே, கட்டையா! உண்டு இல்லைன்னு பண்ணிடு!"

செம்பட்டை தன் ஆட்களைக் கூட்டிச் சொன்னது. "போனது போகட்டும். பொழுது இன்னும் இருக்கு. நாம அவங்களைவிடப் பலசாலிங்க. சாய்ச்சா விலகு. விலகினா ஜெயிப்போம். அவ்வளவுதான்!"

கட்டையன் தலையாட்டினான். ஆனால் அவன் காது பாறைப் பக்கம் இருந்தது.

சூரியன் மரங்களுக்குப் பின்னால் இறங்கும் நேரம். ஒரு மான் பனங்காயோடு வந்தது. கட்டையன் பாய்ந்து சாய்த்தான். அற்புதமான பாய்ச்சல்! மான் சுருண்டு விழுந்தது. "விலகு!" என்று செம்பட்டை கத்தியது.

கட்டையன் பாறையை நிமிர்ந்து பார்த்தான். பிறகு மானின் மேல் அப்படியே படுத்துக்கொண்டான்.

ஆள்காட்டி கத்தியது. இந்த முறை புழுதி இல்லை, சந்தேகமும் இல்லை. கட்டையன் ஆடி அசைந்து சேற்றுக்குழிக்குப் போனான். சிலுப்பன் என்ன செய்தது? அத்தனை முள்ளும் சிலிர்க்க ஆட்டியது! அந்த ஆட்டத்துக்கே அதுதான் பெரிய சத்தம்.

சத்தம் அடங்குவதற்குள் மான்கள் ஓடத் தொடங்கின. கட்டையன் நிற்க வேண்டிய இடம் வெறிச்சோடிக் கிடந்தது. அந்த வழியாகவே ஒரு மான் பனங்காயை உருட்டிக்கொண்டு கோட்டைத் தாண்டியது. சூரியன் இறங்கிவிட்டது. ஆட்டம் முடிந்தது.

மறுநாள் விடியலில் பன்றிகள் வரிசையாக மலையேறின. செம்பட்டை ஒரு குட்டியை மூக்கால் தள்ளித் தள்ளி ஏற்றிக்கொண்டு போனது. ஒருமுறை சிலுப்பனைத் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி குட்டியைத் தள்ளியது. ஏதாவது திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று சிலுப்பனுக்கு இருந்தது.

கடைசியாகக் கட்டையன் வந்தான்.

"வர்றேன், மாமா."

"எல்லாம் அந்தக் குருவியால வந்த வினை, மாப்பிள்ளை! புழுதியாம், தெரியலையாம்! அது மட்டும் ஒழுங்கா..."

"அதை விடு, மாமா" என்றான் கட்டையன். அவன் குரலில் கோபம் இல்லை. "நேத்து நான் குழிக்குப் போனப்போ ஆட்டினியே, அதுமாதிரி நீ எப்பவும் ஆட்டினதில்லை. நான் கோட்டைத் தாண்டினப்போகூட வாலை மட்டும்தான் ஆட்டுவே. அந்தப் பெரிய சத்தம் எனக்கு எப்பவும் குழியிலதான் கிடைச்சுது. அதைக் கேட்கணும்னுதான் நேத்து விலகாம படுத்தேன்."

கட்டையன் மலைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பினான்.

"மழைக்கு இன்னும் நாள் இருக்கு. போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை ஆட்டிக் காட்டேன், மாமா!"

சிலுப்பன் உடம்பைச் சிலிர்க்கப் பார்த்தது. ஒரு முள்கூட நிமிரவில்லை. கட்டையன் கொஞ்ச நேரம் காத்து நின்றான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு கூட்டத்தின் பின்னால் ஓடினான்.

அன்று பகல் முழுக்கச் சிலுப்பன் வளைக்குள் தனியாகக் கிடந்தது. ஒட்டிப் படுக்க ஆளில்லை. வெளியே மான்கள் தண்ணீர் குடித்தன. ஆள்காட்டி எங்கோ கத்தியது. சிலுப்பன் அதை ஏசவில்லை.

நம்மவர் செய்யும் தவறுக்கு ஆரவாரம் செய்கிறவன், அவர்களுடைய தோல்விக்குத் தானே வழி வெட்டுகிறான்.